பூங்கோரைக்கு யூரியா காரணமா, இறால் பண்ணை காரணமா?

பாம்பன்கரை:
மன்னார் வளைகுடாவில் 2008 அக்டோபரில் அப்பா தீவுப் பக்கம், 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் பூங்கோரை வந்து கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. வயல் யூரியா என்கிறார்கள் சிலர், இறால் பண்ணைத் தண்ணீர் என்கிறார்கள் சிலர். இது இயற்கையாக வருவதுதானே என்பவர்களும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்களேன்.

மிதவை:
பூங்கோரை என்பது நாக்டிலூகா என்ற ஓரணு உயிரி. புதிதாக வந்ததல்ல. டயாட்டம் என்ற நுண்பாசி போன்ற மிதவை உயிர்களைத் தின்னும். பச்சை நிறம் அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. கடலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறினால் முதலில் டயாட்டம் பெருகும், பின்னாலேயே அதை மேய இது பெருகும். காற்று ஓய்ந்தால் மேலே திரளும். மீனைக் கொல்வது இரண்டு: அழுகும்போது ஆக்ஸிஜன் தீர்வது, செல் உடைந்து அம்மோனியா கசிவது. ஆக்ஸிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். பாசி வெயிலில் ஆக்ஸிஜன் விடுவதால் மதிய அளவு ஏமாற்றும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தாங்காது.

வெள்ளிறால்:
எங்கள் இறால் பண்ணைத் தொழிலையும் விட்டுவைக்காமல் கணக்குப் போடுவோம். 1 டன் தீவனம், புரதம் 35%. புரதத்தை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து 56 கிலோ. எஃப்சிஆர் (ஒரு கிலோ இறாலுக்கு ஆகும் தீவனக் கிலோ) 1.5 என்றால் அறுவடை 670 கிலோ. இறால் உடம்பில் சேர்வது சுமார் 20 கிலோதான். மிச்சம் 36 கிலோ, 45 கிலோ யூரியா மூட்டைக் கணக்கில் ஒன்றே முக்கால் மூட்டை! கொஞ்சம் வாயுவாகப் போகும், கொஞ்சம் அடிச்சேற்றில் தங்கும், மற்றது தண்ணீரோடு போகும்.

அறுவடையன்று கடைசி ஓரடித் தண்ணீர்தான் மோசம், சேற்றைக் கலக்கிக்கொண்டு வரும். அதை ஓடையில் திறக்காமல் தேக்கக் குளத்தில் விட்டுத் தெளியவையுங்கள். மடவை மீன் விட்டால் பாசியை மேயும். வாரிய சேற்றை ஓடைக்கரையில் கொட்டினால் ஐப்பசி முதல் மழையிலேயே கடலுக்குப் போய்விடும். உப்பு இருப்பதால் வயலுக்கும் ஆகாது. குளத்துக்கரையின் உள்பக்கம் போடுவதுதான் வழி.

கண்மாய்க்கரை:
யூரியாவைத் திட்டுமுன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள் அண்ணே. வைகை பெரிய கண்மாயில் அடைந்து, மிஞ்சினால்தான் ஆற்றங்கரை பக்கம் கடலில் விழும். அது வடகடல் (பாக் விரிகுடா), தென்கடலான மன்னார் வளைகுடா அல்ல. தென்கடலுக்கு வருவது சிற்றோடைகளும் ஊர்ச் சாக்கடையும். சாக்கடையை யாரும் பேசுவதே இல்லை.

அதற்காக வயல் சுத்தம் என்றும் சொல்லவில்லை. நின்ற தண்ணீரில் யூரியா வீசினால், நம் களர் மண்ணில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும். மழை பெய்தால் மடை வழியே ஓடும். தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்போது வீசி, மடையை இரண்டு மூன்று நாள் அடைத்துவையுங்கள். மொத்தமாகப் போடாமல் மூன்று தவணையாகப் பிரியுங்கள். டிஏபி உரத்தின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேறு ரகம். மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மண் அரித்தால்தான் கடலுக்குப் போகும். அங்கே வரப்பு உடையாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பாம்பன்கரை:
அப்படியானால் எங்கே அளப்பது?

மிதவை:
ஓடை வாயில் ஒன்று, அரை கிலோமீட்டர் தள்ளிக் கடலில் ஒன்று. மழைக்கு முன்பும், மழை விட்ட மறுநாளும். அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் பாருங்கள். மாதிரியை உடனே வடிகட்டி ஐஸில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே பாசி அந்தச் சத்துகளைத் தின்றுவிடும்.