பொய்யே சொல்ல முடியாத ஃபேரிங்க எப்படி இவ்ளோ ஏமாத்துறாங்க? ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ படிச்சவங்க சொல்லுங்க

சிவி ராமன் நகர் சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, லீவுக்கு சேலத்துல இருந்து பெங்களூருக்கு எங்க வீட்டுக்கு வந்திருக்கா. வந்ததுல இருந்து ஹாலி பிளாக் எழுதின தி க்ரூயல் பிரின்ஸ்ங்கிற புக்கைக் கீழ வைக்க மாட்டேங்குறா, சாப்பிடக் கூப்பிட்டா ‘இந்த சாப்டர் முடிச்சிட்டு வரேன் சித்தி’ன்னு சொல்லி தோசை ஆறிப்போய் வெறைச்சுக் கிடக்கு. அப்படி என்னதான் இருக்குன்னு அவ தூங்கினதுக்கு அப்புறம் நானும் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன், இப்போ பாதி வந்துட்டேன்.

இதுல ஃபேரிங்கன்னா மந்திர சக்தி இருக்கிற ஒரு தனி இனம், றெக்கை வெச்ச சின்னப் பொண்ணுங்க பூ மேல உக்காந்திருக்கிற கதைன்னு நெனச்சு யாராவது பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தா அவ்ளோதான். ஆரம்பமே கொலை. மேடாக்னு ஒருத்தன், ஃபேரிங்க படைக்குத் தளபதி, ஒரு நாள் வீட்டுக்கு வந்து அப்பா அம்மா ரெண்டு பேரையும் பசங்க கண்ணு முன்னாடியே வெட்டிப் போட்டுட்டு, மூணு பொண்ணுங்களையும் தன்னோட நாட்டுக்கு தூக்கிட்டுப் போயி வளக்கிறான். அம்மா முன்னாடி அவன் பொண்டாட்டி, மூத்தவ விவி அவனுக்கே பொறந்தவ, அதைத் தேடி வந்தான்னா கூட ஒரு கணக்கு இருக்கு. ரெட்டைப் பொண்ணுங்க ஜூட், டேரின் ரெண்டும் சுத்தமா மனுஷப் பிள்ளைங்க, ஏழு வயசு, அதுங்களை எதுக்கு இழுத்துட்டுப் போனான்? அதை விட எனக்குக் குழப்பம் என்னன்னா இந்தக் கூட்டத்துக்குப் பொய்யே சொல்ல வராதாம், நாக்கு எழும்பாதாம், ஆனா புக்கு பூரா ஒருத்தனை ஒருத்தன் கவுக்குறது தான் வேலையா இருக்கு, அது எப்படிங்க?

இன்னொண்ணு, 14 வயசுப் பொண்ணு படிக்கலாமா? அக்கா கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன். முழுசா முடிக்கல, தயவு பண்ணி முடிவைச் சொல்லிடாதீங்க.

டொம்லூர் புக்பூச்சி:

சித்தி, இந்த சீரிஸ் எனக்கு மனப்பாடம், நான் சொல்றேன்.

பொய் சொல்ல முடியாதுன்னா முழு உண்மையும் சொல்லியே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லல்ல. வாயைத் திறக்காம இருந்துக்கலாம், கேட்ட கேள்விக்கு எதிர்கேள்வி போடலாம், பாதி சொல்லிட்டு மீதியை நீங்களா தப்பா நெனச்சுக்க விட்டுடலாம். புக்ல இல்லாத உதாரணம் ஒண்ணு சொல்றேன், ‘இந்த ஜூஸ்ல நான் எதுவும் கலக்கல, சத்தியமா’ன்னு அவன் சொன்னா அது உண்மை தான், கலந்தது பக்கத்துல நிக்கிறவன். அவங்க பேச்சைப் படிக்கும்போது என்ன சொல்றாங்கன்னு பாக்காம எதைச் சொல்லாம தாண்டிப் போறாங்கன்னு பாருங்க, மறுபடி முதல் பக்கத்துல இருந்து படிக்கத் தோணும்.

இப்போ ஜூட் பக்கம் வாங்க. மந்திரம் கிடையாது, அழகுல அவங்க கிட்ட நிக்க முடியாது, காயம் பட்டா ஆற நாளாகும், அவங்க நூறு நூறு வருஷமா இருப்பாங்க இவளுக்கு ஆயுசே கொஞ்சம். அந்த நாட்டுல ராஜாவுக்கே இல்லாத ஒரே ஒரு வசதி இவளுக்கு இருக்கு, கூசாம பொய் சொல்லலாம். டெயின்ங்கிற இளவரசன் அவளை ஒற்று வேலைக்கு எடுக்கிறதே இதுக்காகத் தான். நல்ல பொண்ணு, உண்மை பேசுவா, அதனால ஜெயிப்பான்னு தானே நமக்கு சின்ன வயசுல இருந்து கதை சொல்லியிருக்காங்க, இங்க அப்படியே உல்டா, அதான் உங்க அக்கா பொண்ணு தோசையை மறந்துட்டா.

மேடாக் ஏன் தூக்கிட்டுப் போனான்னா, பொண்டாட்டி பெத்த பிள்ளைங்க, அதனால வளக்கிறது என் கடமைன்னு அவனே சொல்றான். அவளைக் கொன்னதும் அவன் தான், கடமைன்னு வளக்கிறதும் அவன் தான், அவன் மண்டையில ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதவே இல்ல. அதான் எனக்கு இந்த சீரிஸ்ல பயங்கரமான ஆளே அவன், மத்தவனுங்க எல்லாம் பசங்க.

வயசு விஷயம்: ரத்தம், விஷம், கொலை நிறைய உண்டு. ஜூட் தினம் கொஞ்சம் கொஞ்சமா விஷம் குடிச்சு உடம்பைப் பழக்குறா, அது மாதிரி இடம் எல்லாம் இருக்கு. முத்தம் வரும், அதுக்கு மேல முதல் பாகத்துல ஒண்ணும் இல்ல. 14க்கு ஓகே, அக்கா கிட்ட தைரியமா சொல்லுங்க. 2018ல முதல் பாகம், ரெண்டும் மூணும் 2019லயே வந்துடுச்சு, காத்திருக்க வேண்டியது இல்ல. ஆனா இது முடிஞ்ச உடனே எல்லாரும் கை காட்டுறது ‘ஏ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’, அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. 2015ல வந்தப்போ டீனேஜ் ஷெல்ஃப்ல வெச்சு வித்தாங்க, பின்னாடி அட்டையையே மாத்தி பெரியவங்க பக்கம் தள்ளிட்டாங்க, போகப்போக படுக்கையறை சமாச்சாரம் பச்சையா வரும். கடையில இன்னும் சில பேர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தான் அடுக்கி வெச்சிருக்காங்க.

ஃப்ரேசர் டவுன் கறார்:

எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க, நான் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். கார்டன்னு வர்ற அந்த இளவரசன் என்ன பண்றான்? ஜூட் சாப்பிட்டுட்டு இருக்கும்போது தட்டுல காலால மண்ணைத் தள்ளிட்டு, இதுல இருந்து தானே வந்தே, இதுக்குள்ள தானே போகப் போறே, நல்லா சாப்பிடுன்றான். கூட்டாளிங்க அக்கா தங்கச்சியை ஆத்துல இறக்குறானுங்க, வெலேரியன்னு ஒருத்தன் மதி மயக்குற பழத்தை அவ வாயில திணிக்கிறான். இவ்ளோவும் பண்ணிட்டு கடைசியில கார்டன் தான் ஹீரோவாம், அவனை வீட்டுல அண்ணன் ஆள் வெச்சு அடிக்கிறானாம் பாவமாம். நம்ம ஊர் சினிமாவுல பொறுக்கி பின்னாலயே சுத்தி காதலிக்க வெச்சா இதே குரூப்ல பத்து பதிவு வருது, ஃபேரி பண்ணா மட்டும் கன்னம் சிவக்குது. ரத்தம் எல்லாம் பரவால்ல மேடம், இதைப் பத்தி அந்தப் பொண்ணு கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க.

மத்திகெரே பழங்கதை:

தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, அது உங்க தலைமுறைச் சண்டை, நான் அதுக்குள்ள வரல. இந்த சட்டதிட்டம் எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்றேன், ரிட்டயர் ஆனதுல இருந்து எனக்கு இதே வேலை தான்.

ஹாலி பிளாக் அம்மா தானா புனைஞ்சது ரொம்பக் கம்மி. ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்துக் கிராமத்துக் கதைங்கள்ல இதெல்லாம் காலங்காலமா இருக்கு. இரும்பு ஆகாது, உப்பு ஆகாது, ரோவன்னு ஒரு மரத்துச் சிவப்புப் பழம் மயக்கத்தை முறிக்கும், உடுப்பை உள்வெளியா மாத்திப் போட்டா வழி தப்பாது, அவங்க இடத்துல எதையும் வாயில வைக்கக் கூடாது. ஜூட் கழுத்துல அந்தப் பழத்தைக் கோத்து மாட்டிக்கிறதும் பையில உப்பு வெச்சுக்கிறதும் இதனால தான். இதைப் படிச்சப்போ எனக்கு எங்க பாட்டி ஞாபகம் தான். ராத்திரியில கறிக்குழம்பு தூக்குல எடுத்துட்டு அடுத்த தெருவுக்குப் போறதா இருந்தாலும் மேல ஒரு கரித்துண்டும் துருப்பிடிச்ச ஆணியும் வைக்காம அனுப்ப மாட்டாங்க. மாசமா இருக்கிற பொண்ணு வெளியில போனா கையில வேப்பிலையோ இரும்போ இருக்கும். அங்க இருக்கிறவங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் யாரு தந்தி அடிச்சாங்களோ தெரியல!

பொய் சொல்லாத நாக்குக்கும் ஒரு பழைய பாட்டு இருக்கு. தாமஸ்னு ஒரு பாட்டுக்காரனை ஃபேரி ராணி கூட்டிட்டுப் போயி ஏழு வருஷம் வெச்சிருந்தா, போற வழியிலயே கூலியா ஒரு ஆப்பிள் குடுக்கிறா, இதைச் சாப்பிட்டா உன் நாக்குக்குப் பொய்யே வராதுன்னு. அவன் சந்தோஷப்படலைங்க, பதறுறான். ஐயோ நான் சந்தையில எப்படி வாங்கி விக்கிறது, பெரிய மனுஷங்க கிட்ட எப்படிப் பேசுறது, பொம்பளைங்க கிட்ட எப்படி நல்ல பேர் எடுக்கிறதுன்னு. நம்ம கே ஆர் மார்க்கெட்ல ஒரு வியாபாரிக்கு அந்த வரம் கிடைச்சா அன்னைக்கே கடையைச் சாத்த வேண்டியது தான்.

இன்னொரு சேதி, ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஃபேரி ராஜாவும் ராணியும் பிரிஞ்சு சண்டை போடுறாங்களே, எதுக்குன்னு நெனைக்கிறீங்க? ஒரு இந்தியப் பையனுக்காக. அந்தப் பையன் மேடைக்கே வர மாட்டான், பேரும் கிடையாது, சண்டை மட்டும் அவனால. பிள்ளை தூக்குற பழக்கம் மேடாக்குக்கு முன்னாடியே இருக்கு, நம்ம ஊர்ப் பிள்ளையையும் விடல.

இதை எல்லாம் விளையாட்டாவே அந்தக் காலத்துல எடுத்துக்கல. 1895ல அயர்லாந்துல பிரிஜெட் க்ளியரின்னு ஒரு பொண்ணு, 26 வயசு, உடம்பு சரியில்லாம படுத்திருந்தா. இவ என் பொண்டாட்டி இல்ல, ஃபேரிங்க அவளைத் தூக்கிட்டு வேற ஒண்ணை இங்க போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லி புருஷனே எரிச்சுக் கொன்னுட்டான், கேஸ் நடந்து ஜெயிலுக்கும் போனான். றெக்கையும் மந்திரக்கோலும் ஒட்டினதெல்லாம் அந்தப் பழங்கதைங்களுக்குப் பின்னாடி வந்தது தான். ஹாலி பிளாக் அந்தப் பழைய பயத்தைத் திருப்பிக் கொண்டு வந்திருக்காங்க. முதல் பாகத்துக் கடைசியில ஜூட் ஒரு வருஷம் ஒரு நாளுக்குன்னு ஒரு வாக்கு வாங்குவா பாருங்க, அந்தக் கணக்கு கூட பழங்கதைக் கணக்கு தான்.

சிவி ராமன் நகர் சித்தி:

சார் முடிவைச் சொல்ல வேணாம்னு கேட்டேனே! சரி, யார் கிட்ட வாங்குறான்னு சொல்லாம விட்டீங்க, அது வரைக்கும் புண்ணியம். ஆணி விஷயம் எங்க வீட்டுலயும் உண்டு, மாமியார் இன்னமும் பிரியாணி டப்பா மேல கரி வெச்சு தான் கொடுத்து விடுவாங்க, ஆட்டோல போகும்போது வெள்ளை சுடிதார் எல்லாம் கரி. க்ளியரி விஷயம் படிச்சு ராத்திரி தூக்கமே வரல.

ஸ்ரீராமபுரம் பையன்:

யாருமே நாளே பா பத்தி சொல்லலையா, இதுக்கு பெங்களூர் ஆளுன்னு வேற சொல்லிக்கிறீங்க குரு! 90கள்ல இங்க பாதி ஊர் கதவுல கன்னடத்துல ‘நாளைக்கு வா’ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. ராத்திரி ஒரு பொம்பளைப் பேய் வந்து நமக்குத் தெரிஞ்சவங்க குரல்ல கூப்பிடும், திறந்தா காலி. கதவுல எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு சரி நாளைக்கு வரலாம்னு போயிடும், மறுநாள் வந்தாலும் அதே தானே எழுதியிருக்கு, அதுவும் பாவம் திரும்பப் போயிடும். எங்க தெருவுல ஒருத்தர் பெயிண்ட்லயே எழுதி வெச்சிருந்தார், வீடு இடிக்கிற வரைக்கும் அழியல. எழுதின வார்த்தைக்கு அவ்ளோ பெரிய பேய் கட்டுப்படுது பாருங்க, ஃபேரி லாஜிக்கும் இதே தான்.

இரணியன் வரமும் அதே கேட்டகரி. உள்ள கூடாது வெளிய கூடாது, பகல்ல கூடாது ராத்திரியில கூடாது, மனுஷனும் கூடாது மிருகமும் கூடாதுன்னு வக்கீல் மாதிரி யோசிச்சு எழுதி வாங்கினான். வாசப்படியில, சாயங்காலம், சிங்க மூஞ்சியோட வந்து முடிச்சு விட்டாங்க. வரத்தை மீறவே இல்ல, எழுத்துக்கு எழுத்து சரி. இதை அஞ்சு வயசுல கேட்டு வளந்த நமக்கு மேடாக் கூட்டத்தைப் புரிஞ்சுக்க என்ன கஷ்டம்?

டொம்லூர் புக்பூச்சி:

நாளே பா செம உதாரணம், ஆனா இரணியன் கதையோட சேக்காதீங்க ப்ரோ. அங்க ஓட்டையைக் கண்டுபிடிச்சது பெருமாளே, அவர் கிட்ட இல்லாத பலமா. இங்க எந்த வரமும் வாங்காத ஒரு மனுஷப் பொண்ணு, அவங்க சட்டத்தை அவங்களை விட நல்லாப் படிச்சு அவங்க மேலயே திருப்பி விடுறா. ஓரமா கதவுல எழுதி வெச்சுட்டு உள்ள நடுங்கிட்டு உக்காந்திருந்த ஆளோட கட்சி அவ.

கறார் அண்ணாவுக்கு: கார்டன் பண்ணது சரின்னு புக்கும் எங்கயும் சொல்லல, ஜூட் அவனை மன்னிச்சு உருகி நிக்கிறவளும் கிடையாது, கத்தியைக் கழுத்துல வெச்சு தான் பாதிப் பேச்சே நடக்குது. ஆனாலும் அதைப் பத்தி பேசணும்னு நீங்க சொன்னது எனக்கு ஓகே.

சிவி ராமன் நகர் சித்தி:

இது சித்தி இல்ல, நான் தான் அந்த அக்கா பொண்ணு, சித்தி குளிக்கப் போயிருக்காங்க, ஃபோன் லாக் எனக்குத் தெரியும். எல்லாரும் என்னைப் பத்தி பேசிட்டு என்னையே கேக்கல. நான் ஏற்கனவே முடிச்சிட்டேன், இப்போ ரெண்டாவது தடவை படிக்கிறேன். கார்டனை எனக்குப் பிடிக்கும், அவனுக்கு வால் இருக்குன்றதை யாருமே எழுதல, அதுவும் நுனியில முடிக்குஞ்சம் வெச்ச வால், கோவம் வந்தா அது தானா ஆடும், மூஞ்சியை எவ்ளோ சாதாரணமா வெச்சுக்கிட்டாலும் வால் காட்டிக் கொடுத்துடும். அங்கிள் சொன்ன மண்ணு சீன் எனக்கும் கோவம் தான், அந்த மாதிரி எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, அவளை நான் லவ் எல்லாம் பண்ண மாட்டேன், கவலைப்படாதீங்க.

ஆனா எனக்கு ரொம்ப வலிச்சது அவங்க யாரும் பண்ணது இல்ல, டேரின் பண்ணது. ஃபேரிங்க ஏமாத்துவாங்கன்னு ஜூட் உப்பு, பழம்னு எல்லாம் ரெடியா வெச்சிருக்கா, சொந்த ட்வின்னுக்கு எதுவும் வெச்சிக்கல. சித்தி இன்னும் அந்த இடம் வரல, அவங்க வந்ததும் இதை டிலீட் பண்ணிடுவேன். ரெண்டாவது பாகம் பெங்களூர்ல எங்க கம்மி விலைக்குக் கிடைக்கும், என் கிட்ட 300 ரூபா தான் இருக்கு.

ஃப்ரேசர் டவுன் கறார்:

சர்ச் ஸ்ட்ரீட் போ பாப்பா, பழைய புக் கடைங்க வரிசையா இருக்கு, மெட்ரோல எம் ஜி ரோடு இறங்கி நடந்தா போதும். 300க்குள்ள கிடைக்கும், நடுவுல பக்கம் கிழிஞ்சிருக்கான்னு புரட்டிப் பாத்து வாங்கு. டிலீட் பண்ணாதே, நீ எழுதினது தான் இந்தத் த்ரெட்லயே உருப்படியா இருக்கு.

சிவி ராமன் நகர் சித்தி:

குளிச்சிட்டு வந்து பாத்தா இங்க என்னடி நடக்குது. டேரின் என்ன பண்ணா??