சப் சென்டர் சிஸ்டர் சுகர் மாத்திரை ஆரம்பிச்சா என்ன தப்பு? காப்பீட்டு அட்டை ஏன் படுத்தா மட்டும் வேலை செய்யுது?

கரிசல்காட்டான்:
அப்பாவுக்கு போன மாசம் வலது கால் சுண்டுவிரல எடுத்தாச்சு. சுகர். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்ததால ஆபரேஷனுக்கு ஒத்தப் பைசா வாங்கல, அத நான் குறை சொல்ல வரல. அதுக்கு முந்தி நடந்ததக் கேளுங்க. எங்க ஊர் சப் சென்டர்ல (துணை சுகாதார நிலையம்) ஒரு சிஸ்டர் இருக்காங்க, நர்சிங் முடிச்சவங்க, எம்.எல்.ஹெச்.பி.னு, அதாவது இடைநிலை சுகாதாரப் பணியாளர்னு போஸ்ட்டு. எட்டு மாசம் முன்னாடியே விரல்ல குத்திப் பாத்து சுகர் 280 இருக்குன்னு சொல்லிட்டாங்க. மாத்திரையும் அங்க பீரோவுலயே இருக்கு, ஆனா குடுக்க முடியாதாம், முதல் தடவ பி.ஹெச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர் பாத்து எழுதணுமாம், அதுக்கப்புறம் மாசாமாசம் அவங்களே குடுக்கலாமாம். பி.ஹெச்.சி. 11 கிலோமீட்டர், காலைல ஒரே பஸ். அப்பா பருத்தி எடுத்து முடியட்டும்னாரு, அப்புறம் கோயில் கொட முடியட்டும்னாரு, போகவே இல்ல.

விரல எடுக்க காசு குடுக்குற கவர்மெண்டு, அந்தம்மாவ மெட்ஃபார்மின்ங்கற ஒரு சுகர் மாத்திரைய ஆரம்பிக்க விடாதாம். இது என்ன கணக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா.

ஓ.பி.சீட்டு:
அப்பா நல்லபடியா இருக்கட்டும் சார். நான் பி.ஹெச்.சி.ல வேலை பாத்த டாக்டர் தான், அதனால கொஞ்சம் கசப்பா சொல்றேன். 280ங்கறது ஒரு நம்பர். அந்த ஆளுக்கு கிட்னி எப்படி இருக்கு, ஹார்ட் எப்படி இருக்கு, ஏற்கனவே வேற என்ன மாத்திரை சாப்பிடறாரு, இத்தனையும் பாத்துட்டு தான் ஆரம்பிக்கணும். பிரஷர் மாத்திரைலயும் அதே கதை, கர்ப்பமா இருக்கறது தெரியாத ஒரு பொண்ணுக்கு எனலாப்ரில் போச்சுன்னா குழந்தைக்கு என்ன ஆகும்னு தெரியுமா? 2019ல தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தப்போ 32வது பிரிவுல இதே விஷயத்த தான் கொண்டு வந்தாங்க, சமுதாய சுகாதார வழங்குநர்னு ஒரு லைசென்ஸ், டாக்டர்ங்க எண்ணிக்கைல மூணுல ஒரு பங்கு வரைக்கும் குடுக்கலாம், ஆரம்ப சுகாதாரத்துல சில மருந்த அவங்களே எழுதலாம்னு. நாடு முழுக்க டாக்டர்ங்க ரோட்டுக்கு வந்தோம். சும்மா ஈகோவுல வரல. டவுன்காரனுக்கு டாக்டர், கிராமத்தானுக்கு முக்கா டாக்டரான்னு கேட்டு வந்தோம்.

கரிசல்காட்டான்:
கிராமத்தானுக்கு இப்ப முக்கா டாக்டர் கூட இல்லையே சார், அதானே பிரச்சனை.

பீரோ_சாவி:
நான் கரிசல் அண்ணன் சொல்ற அதே போஸ்ட்டுல தான் வேற மாவட்டத்துல இருக்கேன். ரெண்டு பேரும் எங்களப் பத்திப் பேசறீங்க, ஒருத்தரும் எங்களக் கேக்கல, அதனால நானே வந்துட்டேன்.

டாக்டர் சார், நிஜத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும். பேஷண்ட் வருவாங்க, பி.பி. 170 இருக்கும், எம்.ஓ.வுக்கு (பி.ஹெச்.சி. டாக்டருக்கு) போன் போடுவேன், அவர் அங்க 150 ஓ.பி. பாத்துட்டு நிப்பாரு, "அம்லோடிபைன் அஞ்சு ஆரம்பிச்சுடு சிஸ்டர், நாளைக்கு சீட்டுல பாத்துக்கலாம்"னு சொல்வாரு. நானும் குடுத்துடுவேன். நோட்டுல "மருத்துவர் அறிவுரைப்படி"ன்னு எழுதுவேன். நல்லதா நடந்தா யாரும் கேக்க மாட்டாங்க, ஏடாகூடமா ஆச்சுன்னா அந்த நோட்டுல இருக்கறது என் கையெழுத்து மட்டும் தான். அதிகாரம் இல்லாத வேலைய ஏற்கனவே செஞ்சுட்டு தான் இருக்கோம், இப்ப அதுக்கு சட்டம் வருமா வராதான்னு தான் கேள்வி.

அப்புறம் ஒண்ணு. பி.ஹெச்.சி.ல ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவம் யாரு பாக்கறா? 24 மணி நேர பி.ஹெச்.சி.க்குன்னு மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு தானே அத ஓட்டினாங்க. தமிழ்நாட்டுல லட்சம் பிரசவத்துக்கு தாய் இறப்பு 2001-03ல 134, 2018-20ல 54. நாங்க மட்டும் செஞ்சதுன்னு சொல்லல, ஜி.ஹெச்.ல இருக்கற சிசேரியன் வசதி, ரத்தம், 108 எல்லாம் சேந்து தான். ஆனா தலை வெளிய வர்ற நேரத்துல முக்கா டாக்டர்னு யாரும் எங்களச் சொன்னதில்ல.

ஓ.பி.சீட்டு:
சிஸ்டர், அந்த கடைசி பாயிண்ட ஒத்துக்கறேன். ஆனா பிரசவத்துல தப்பா போனா அங்கயே தெரியும், உடனே ரெஃபர் பண்ணலாம். சுகர்ல தப்பா போனா அஞ்சு வருஷம் கழிச்சு தான் தெரியும், அதான் என் பயமே. தமிழ்நாட்டுல மெடிக்கல் காலேஜுக்கா பஞ்சம்? எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு வேலை இல்லாம தனியார்ல ட்யூட்டி டாக்டரா முப்பதாயிரத்துக்கு நிக்கற பசங்க எனக்குத் தெரியும். அவங்கள எடுத்துப் போடாம நர்ஸுக்கு அதிகாரம்னு பேசறது, சம்பளம் மிச்சம் பண்ற வேலை.

பீரோ_சாவி:
சம்பளம் மிச்சம்ங்கறதுல நானும் உங்க கட்சி தான் சார் 😀 ஒப்பந்தத்துல மாசம் 18,000 வாங்கறேன். அதுலயே டேப்ல டேட்டா ஏத்தணும், வீடு வீடா போகணும். நாளைக்கே மருந்து எழுதற அதிகாரமும் சேத்துக் குடுத்து, அதே 18,000, அதே ஒப்பந்தம், வழக்கு வந்தா நீயே பாத்துக்கோன்னா எனக்கு அந்த அதிகாரமே வேணாம்.

லண்டன்_குளிரு:
நான் இங்கிலாந்துல வார்டுல இருந்து ஆரம்பிச்சு இப்ப ஒரு ஜி.பி. சர்ஜரில (குடும்ப டாக்டர் க்ளினிக்ல) நர்ஸ் ப்ரிஸ்கிரைபர், அதாவது மருந்து எழுதற நர்ஸ். இங்க 2006லயே நர்ஸுக்கு மருந்துப் புத்தகம் கிட்டத்தட்ட முழுசா திறந்து விட்டாங்க, ஆனா அவரவர் தகுதிக்கு உட்பட்டது மட்டும் தான் எழுதணும். அதுக்குன்னு தனி கோர்ஸ், மேற்பார்வைல பழகின நேரத்துக்குக் கணக்கு, பதிவேட்டுல என் பேருக்கு நேரா ஒரு குறிப்பு. சுகர் க்ளினிக் முழுக்க நர்ஸ்ங்க தான், ஊர் ஒண்ணும் எரியல.

நம்ம ஊர்லயும் படிப்பு இல்லாம இல்ல. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சை நர்ஸுங்களுக்கு கிரிட்டிகல் கேர் நர்ஸ் ப்ராக்டிஷனர்னு ரெண்டு வருஷ முதுகலை கொண்டு வந்துச்சே. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு முடிச்சா, அவ சேந்தது சாதா ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட்டுல தான். அப்படி ஒரு போஸ்ட்டே அங்க இல்லையாம்.

ஓ.பி.சீட்டு:
அங்க நீங்க மாட்டிக்கிட்டா பக்கத்து ரூம்ல ஜி.பி. இருக்காரு. இங்க பக்கத்து ரூம்ல ஆடு கட்டியிருக்கும்.

ப்ரீஆத்_ராசு:
ஆடு 😂😂 சரி, தலைப்புல இருக்கற ரெண்டாவது கேள்விய எல்லாரும் மறந்துட்டீங்க. நான் ஒரு ஆஸ்பத்திரில காப்பீட்டு டெஸ்க்ல உக்காந்திருக்கேன், நாள் முழுக்க ப்ரீஆத் (சிகிச்சைக்கு முன்னாடி காப்பீட்டு அனுமதி கேக்கறது) போடறது தான் வேலை. இந்த முதல்வர் காப்பீடு 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சு, 2012ல பேரு மாறி, 2018ல மத்திய அரசு திட்டத்தோட சேந்து, இப்ப குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். வருமான வரம்பையும் 72,000ல இருந்து 1,20,000 ஆக்கினாங்க. எல்லாம் சரி, ஆனா அது ஒரு சிகிச்சைக்கு இவ்ளோன்னு பேக்கேஜ் கணக்குல ஓடுற வண்டி. அட்மிஷன் இருக்கணும், நோய்க்கு ஒரு கோட் நம்பர் இருக்கணும், அப்ரூவல் வரணும். புண்ணு அழுகி சுத்தம் பண்ணா கோட் இருக்கு, டயாலிசிஸுக்கு இருக்கு. ஒரு நர்ஸ் கால தடவிப் பாத்து "செருப்பு மாத்துங்கய்யா"ன்னு சொன்னதுக்கு கோட் கிடையாது. க்ளெயிம் பணம் வர்றது ஆஸ்பத்திரி பேருக்கு, ஸ்பெஷலிஸ்ட் கையெழுத்துக்கு. சப் சென்டர் அந்தப் படத்துலயே இல்ல.

கரிசல்காட்டான்:
அதத்தான நானும் கேக்கறேன், ஓ.பி.யையும் மாத்திரையையும் அட்டைல சேத்துட வேண்டியதுதான? டிஸ்சார்ஜ் ஆகி கொஞ்ச நாள் தான் மருந்து வந்துச்சு, அதுக்கப்புறம் கட்டு மாத்த ஒவ்வொரு தடவையும் தனியார் க்ளினிக்ல 200 ரூவா, ஆட்டோ தனி.

ப்ரீஆத்_ராசு:
சேக்கக் கூடாதுங்கறேன் நான். கோவப்படாதீங்க. ஓ.பி.ய காப்பீட்டுல விட்டா முதல்ல வாசல்ல போர்டு மாட்டறது தனியார் க்ளினிக் தான். சளிக்கு நாலு டெஸ்ட், தலைவலிக்கு ஸ்கேன், எல்லாத்துக்கும் பில்லு. கண்ணால பாக்கறவன் சொல்றேன், கோட் எங்க இருக்கோ அங்க நோயும் வந்துடும். அந்தக் காச சப் சென்டருக்கு நேரா குடுங்க, மருந்து வாங்க, சிஸ்டருக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்க.

பீரோ_சாவி:
ராசு அண்ணன் சொல்றது சரி. மக்களைத் தேடி மருத்துவம் அதுக்குத் தான வந்துச்சு, 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாங்களே. மகளிர் சுயஉதவிக் குழுவுல இருந்து எடுத்த அக்காங்க வீட்டுக்கே மாத்திரை கொண்டு போறாங்க, நடக்க முடியாதவங்களுக்கு நர்ஸும் பிசியோவும் போறாங்க. ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு நல்ல திட்டம், நான் கண்ணால பாக்கறேன். கரிசல் அண்ணனோட அப்பா மாட்டிக்கிட்டது லிஸ்ட்டுக்கு முந்தின அந்த 11 கிலோமீட்டர்ல.

என்னக் கேட்டா இவ்ளோ தான். எனலாப்ரில் எல்லாம் எனக்கு வேணாம் சார். மூணே மூணு மருந்து, எழுதி வெச்ச ப்ரோட்டோகால், யாருக்கு ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம், ஒரு மாசத்துக்கு மட்டும். அதுக்குள்ள எம்.ஓ. வீடியோல பாக்கட்டும், இல்ல அவங்க அங்க போகட்டும். நோட்டுல என் கையெழுத்துக்குப் பக்கத்துல சட்டமும் நிக்கட்டும்.

ஓ.பி.சீட்டு:
ஒரு மாசம்னு கெடு இருந்தா, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) பாக்காம ரெண்டாவது மாசம் குடுக்கக் கூடாதுன்னு இருந்தா... அதுக்கு நான் ரோட்டுக்கு வர மாட்டேன். ஆனா அந்த ஒரு மாசத்த அரசு ஆறு மாசம் ஆக்கும், அப்புறம் எம்.ஓ. போஸ்ட்ட காலியா விடும். அத எழுதி வெச்சுக்கோங்க. என் எதிர்ப்பு சிஸ்டர் மேல இல்ல.

லண்டன்_குளிரு:
அந்த பயம் இங்கயும் உண்டு டாக்டர், ஜி.பி. இடத்துல எங்கள வெச்சு ஒப்பேத்தறாங்கன்னு. பொய்யின்னு சொல்ல மாட்டேன்.

ஓ.பி.சீட்டு:
கரிசல் சார், சண்டைய விடுங்க. அப்பாவோட இடது கால யாராவது பாத்தாங்களா? பாதத்துல நைலான் நூல் மாதிரி ஒண்ண வெச்சு உணர்ச்சி இருக்கான்னு டெஸ்ட் பண்ணுவாங்களே.

கரிசல்காட்டான்:
இல்ல சார். வலது கால மட்டும் தான் பாத்தாங்க.

பீரோ_சாவி:
அண்ணா, உங்க ஊர் சிஸ்டர்கிட்ட அந்த நைலான் நூல், மோனோஃபிலமென்ட், இருக்கான்னு கேளுங்க. எங்க சென்டர்ல இருந்தது தொலைஞ்சு போய், வேற கேட்டு இன்டென்ட் போட்டு நாலு மாசமாச்சு. இல்லைன்னா அப்பாவ கண்ண மூடச் சொல்லி கால் விரல் நுனிய லேசா தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, அதுக்கு யாரோட சீட்டும் வேணாம்.