பழைய பேப்பர்த் தலைப்பு சொன்னபடியே நடந்திருந்தால்? கண்ணில பட்டதை எழுதுங்கோ

செம்பாட்டான்:
டிரங்குப்பெட்டிக்கு அடியில விரிச்சுக் கிடந்த பேப்பர். "குடாநாடு வெள்ளத்தில் மிதக்கிறது" எண்டு கொட்டை எழுத்தில தலைப்பு. எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில மாரிக்கு மாரி வாறதுதான், ஆனா அந்த "மிதக்கிறது" மனசை விட்டுப் போகுதில்லை. உண்மையாவே மிதந்தால்?

முதல்ல கட்டு அறவேணும். பெருநிலத்தோட எங்களைப் பிடிச்சிருக்கிறது ஆனையிறவு வீதியும் கிழக்கில சுண்டிக்குளத்து மணல்தரையும். (பழைய பேப்பர் எண்டபடியால் சங்குப்பிட்டிப் பாலத்தைச் சேர்க்கேல்லை, அது 2011இலதான் திறந்தது.) வெள்ளம் வாறது கார்த்திகை, மார்கழியில. அப்ப வாடை வடகிழக்கில இருந்து அடிக்கும். அப்ப குடாநாடு தென்மேற்கால நகர்ந்து மண்டைதீவிலயும் வேலணையிலயும் போய் முட்டும். தீவுகளுக்குப் போற பண்ணை வீதி நடுவில நெரிஞ்சு மடங்கும். பிறகு தென்மேற்கில இருந்து சோழகம் எழும்பினால் வந்த வழியே திரும்பி வங்காள விரிகுடாவுக்குள்ள போகும். பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பாத்து ஓடுற கப்பல்காரருக்குத்தான் பெரிய இடைஞ்சல். வரைபடத்தில அதின்ர இடம் நிலையாப் போட்டிருக்கு. இனி வாடைக்கு ஒண்டு, சோழகத்துக்கு ஒண்டு எண்டு இரண்டு வரைபடம் அடிக்கவேணும்.

கிணத்தடி:
செம்பாட்டான் அண்ணை, காத்துக் கணக்குச் சரி, அடித்தளம் பிழை. எங்கட பாறை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லு. அதின்ர பொருள் தண்ணியை விட 2.7 மடங்கு பாரம். கடல்தண்ணி 1.025 மடங்குதான். பாறைக்குள்ள இருக்கிற ஓட்டை எல்லாம் காத்தாலயே நிரம்பிக் கிடந்தாலும், மிதக்கிறதுக்கு நூற்றுக்கு 62 பங்குக்கு மேல ஓட்டையா இருக்கவேணும். வெள்ளம் வந்தால் அந்த ஓட்டைக்குள்ள தண்ணி ஏறும், இன்னும் பாரமாகும். தலைப்பு வாற நாளிலதான் குடாநாடு ஆகக் குறைவா மிதக்கும்.

ஆனா மிதக்கிற ஒண்டு இருக்கு, அது காலுக்குக் கீழ இருக்கு. மழைத்தண்ணி பாறைக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற கடல்தண்ணிக்கு மேல மிதக்குது. பாரத்தில வித்தியாசம் நாற்பதில ஒரு பங்கு. அதால கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நிண்டால், கீழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணியும் ஆழத்தில உப்பும் இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அப்ப "நல்ல தண்ணி மிதக்கிறது" எண்டு தலைப்புப் போட்டிருந்தால்? முழு உண்மை. அதை வாசிச்ச சனம் அடுத்த நாளே இறைக்கிற முறையை மாத்தியிருக்கும். மட்டம் 1 அடி பதிஞ்சால் கீழ உப்பு 40 அடி மேல வரப் பாக்கும். பெரிய மோட்டர் பூட்டி ஒரே மூச்சில இறைச்சால் கிணத்துக்கு நேர கீழ உப்பு கூம்பா எழும்பும். சின்ன மோட்டரால கொஞ்ச நேரம் இறைச்சு, ஊற விட்டு, திரும்ப இறைக்கவேணும். கோடையில தண்ணி காணாது எண்டு கிணத்தை ஆழமாக்கிறவை உப்பைத் தேடித்தான் போகினம். பக்கவாட்டில துளை போட்டால் தண்ணி கூடும், உப்பு கூடாது. மாரியில வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு விடாமல் குளத்தில மறிக்கச் சொல்லுறதும் இதுக்குத்தான். ஒவ்வொரு குளமும் தூர்ந்து போகப் போக, அந்த 40 அடியில எங்கட பங்கு குறையுது. இதைத்தான் கொட்டை எழுத்தில போடவேணும்.

ஈயஎழுத்து:
நான் சொல்லுறது அரவு (துணைக்கால், "ா") விழுந்த தலைப்பு. "பால் விலை உயர்வு" எண்டு கோத்தது "பல் விலை உயர்வு" எண்டு அச்சாகி வந்திருக்கு.

பழைய ஈயஎழுத்தில அரவு தனித் துண்டு, மெல்லியது. வரியை இறுக்கமா நிரப்பாமல் சட்டத்துக்குள்ள பூட்டினால், அந்தத் துண்டு ஆடிக்கொண்டு நிக்கும். காலமைக் குளிரில மை தடிச்சிருக்கும், உருளை போகேக்க ஒட்டி இழுத்து மேல கொண்டு வந்திடும். புரூஃப் பாக்கேக்க எழுத்து இருந்திருக்கும். அச்சு ஓடத் துவங்கின பிறகு விழுந்தால் ஆரும் காணமாட்டினம்.

பல் விலை உண்மையா ஏறியிருந்தால் சனம் முதல்ல ஏறியிருக்கிறது கூரையில. விழுந்த பாற்பல்லை அணிலுக்கு எண்டு கூரையில எறிஞ்ச ஊர் இது. ஓலை வீட்டுக்காரருக்கு ஒண்டும் கிடைக்காது, வேயேக்க பழைய ஓலையோட எல்லாம் எருவுக்குப் போயிருக்கும். ஓட்டு வீட்டுக்காரருக்குத்தான் அதிட்டம். பல் சரிவில உருண்டு பீலிக்குள்ள சேரும். மூண்டு தலைமுறைப் பல் ஒரே பீலியில கிடக்க, எது பெரியப்பாவின்ர, எது சித்தப்பாவின்ர எண்டு பங்கு பிரிக்கிறதுக்கு விதானையாரைக் கூப்பிட்டிருப்பினம்.

மணற்காட்டான்:
ஈயஎழுத்து ஐயா, பிழையெல்லாம் துண்டு விழுந்து வாறதில்லை. "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" எண்ட சிக்காகோ டெய்லி ட்ரிபியூன் தலைப்பு, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி, 1948 நவம்பர் 3. ஒரு எழுத்தும் விழேல்லை. அச்சுக்கோக்கிற ஆக்கள் வேலைநிறுத்தம், அதால தட்டச்சில அடிச்சுப் படமெடுத்துத் தகடு செய்யவேண்டி வந்தது. அதுக்கு நேரம் கூடப் பிடிக்கும். வாக்கு எண்ணி முடிய முதலே தலைப்பை முடிவாக்கிப்போட்டினம். வெண்டது ட்ரூமன்.

எனக்கு மனசில நிக்கிறது அமெரிக்காவின்ர ஸ்கைலாப் விண்வெளி நிலையம். 1979இல எங்க விழும் எண்டு உலகமெல்லாம் தலைப்பு. பூமத்திய ரேகைக்கு வடக்கையும் தெற்கையும் 50 பாகைக்குள்ள ஓடின கலம் அது. நாங்கள் வடக்கை 10 பாகைக்குக் கொஞ்சம் கீழ, அப்ப நேர கீழதான். எண்டாலும் ஓட்டத்தின்ர இரண்டு கரையிலும்தான் அது கூட நேரம் நிண்டது, எங்களைக் கடந்து போறது கெதியா. 77 தொன். ஜூலை 11இல விழுந்தது, துண்டுகள் மேற்கு அவுஸ்திரேலியாவில எஸ்பரன்ஸ் பக்கம். குப்பை போட்டதுக்கு நாசாவுக்கு 400 டொலர் தண்டம் எழுதினது அந்த ஊர்ச் சபை.

இங்க விழுந்திருந்தால்? வலிகாமத்தில எண்டால் செம்மண் கொஞ்சம்தான், உடனே கல்லு. ஒட்சிசன் தாங்கி வெங்காயப் பாத்தியை உழுது போய்ப் பாறையில மோதி மேலயே கிடக்கும், சனம் பாக்க வரும். வடமராட்சியில மணற்காட்டு மணல்மேட்டில எண்டால் புதைஞ்சிடும், காத்து மணலை நகர்த்திற வரைக்கும் ஆரும் காணமாட்டினம். தண்டம் எழுதவேண்டியது கிராமச் சபை. புதைஞ்சதுக்கு எப்பிடி எழுதிறது? காணாத குப்பைக்குத் தண்டமில்லை. அதால வலிகாமத்துச் சபைகளுக்குத்தான் வருமானம், வடமராட்சிக்கு இல்லை. இது நியாயமே இல்லை.

பழம்பேப்பர்:
செம்பாட்டான், அந்தப் பேப்பரை வெளியில எடுத்தீங்களோ? தலைப்புகளைப் பற்றி மற்றவை எழுதட்டும், நான் இதைச் சொல்லியாகவேணும்.

மடிப்பை விரிக்காதேங்கோ, மடிப்பிலதான் முதல்ல உடையும். கீழால தடிச்ச மட்டையை நுழைச்சு அப்பிடியே தூக்குங்கோ. நிழல் வெளிச்சத்தில இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கோ. செய்தித்தாள் மரத்தை அரைச்சுச் செய்யிறது, அதிலயிருக்கிற லிக்னின் வெளிச்சத்திலயும் காத்திலயும் அமிலமாகி மஞ்சளாக்கி உக்க வைக்கும். அமிலத்தை அடக்க, குடிக்கிற வெறும் சோடா (இனிப்பில்லாதது) 1 லீட்டருக்கு மில்க் ஒஃப் மக்னீசியா எண்ட வயித்து மருந்து 2 மேசைக்கரண்டி. இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில ஒரு இரவு வையுங்கோ. அடியில படிஞ்சதை விட்டுத் தெளிவை மட்டும் தட்டத்தில ஊத்தி, நைலோன் வலைக்கு மேல பேப்பரை வைச்சு ஒரு மணித்தியாலம் ஊற விடுங்கோ. ஈரப் பேப்பரைக் கையால தூக்கினால் கிழியும், வலையோட தூக்குங்கோ. வெள்ளைத் துணியில ஒத்தி, மட்டமாக் காய விடுங்கோ. முதல்ல மூலையில ஒரு துளி வைச்சுப் பஞ்சால ஒத்திப் பாருங்கோ. மை கரைஞ்சால் அதோட நிப்பாட்டவேணும், கலர் மைக்கு இது வேண்டவே வேண்டாம். மஞ்சள் வெள்ளையாகாது, மேல உக்கிறது மட்டும் மெதுவாகும்.

செலோரேப் ஒட்டாதேங்கோ, பசை ஊறிக் கறையாகும். லமினேட் பண்ணினால் திரும்ப எடுக்கேலாது. இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை போடுறவை பேப்பருக்குள்ள வைக்கக்கூடாது, பச்சை இலையின்ர ஈரம் கடதாசிக்கு ஆகாது.

செம்பாட்டான்:
மெத்தப் பெரிய உதவி. மட்டையில எடுத்து வைச்சிட்டன். சோடாவுக்குப் பதிலா எங்கட கிணத்துத் தண்ணி சரிவராதோ? அதிலயும் சுண்ணாம்பு இருக்குத்தானே.

கிணத்தடி:
சுண்ணாம்பு இருக்கு, உப்பும் இருக்கு. உப்பு கடதாசிக்குள்ள தங்கினால் காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பழம்பேப்பர் சொன்னபடி சோடாவிலயே செய்யுங்கோ.