மட்டக்களப்புக் கல்லடி வளவும் தம்பியின் பிளானும் (எங்கள் குடும்ப அரட்டைக் குழுவிலிருந்து)

தம்பி: [படம்] நம்மட வீட்டு வளவுக்குப் பிளான் கீறிவிட்டேன். நடுவில் புல்தரை, சுற்றி வட்டமாகக் கல் பாதை, மதிலோரம் ஐந்து தென்னை. எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

அக்கா கட்டார்: வடிவாக இருக்குதடா. ஹோட்டல் முற்றம் மாதிரி.

அம்மா: என்ட கறிவேப்பிலை எங்க மனே?

தம்பி: அது புல்தரைக்கு நடுவில் வருகுதம்மா. வெட்டத்தான் வேணும்.

அம்மா: சரி.

நான்: அம்மா ‘சரி’ என்று மட்டும் போட்டால் என்ன அர்த்தம் என்று தெரியும்தானே தம்பி 🙂

பெரியம்மா ஆரையம்பதி: கச்சான் காத்து அடிக்கிற ஆடி ஆவணியில புல்லுக்கு யார் தண்ணி ஊத்துறது? கிணறு அடியில கிடக்கும், கிடக்கிறதும் உவர்க்கும். நம்மட மணலுக்கு ஓட்டை வாளி தேவலாம். தென்னையையும் வீட்டோட நெருக்கி வைக்காதே. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு எத்தனை கூரைமேல தென்னை கிடந்தது என்று உன் அம்மாவைக் கேள்.

தம்பி: அப்ப கத்தரியும் மரவள்ளியும்தானா? கொஞ்சம் கலையாகச் செய்வோம் என்று பார்த்தேன்.

நான்: கலை வேண்டாம் என்று யார் சொன்னது? நீ மேலே நின்று பார்க்கிற மாதிரிக் கீறியிருக்கிறாய். காகம்தான் அப்படிப் பார்க்கும். நாங்கள் பார்ப்பது குசினி ஜன்னலாலும் விறாந்தைக் கதிரையில் இருந்தும். பின்னேரம் அதில் இருந்து பார்த்தேன். மணலில் ஏற்கனவே ஒரு தடம் இருக்கிறது. குசினிப் படியில் தொடங்கிக் கறிவேப்பிலை வரைக்கும், அம்மா அரிசி கழுவின தண்ணியைக் கொண்டுபோகிற வழி. கிணற்றடி தாண்டியதும் ஒரு வளைவு. தண்ணிக் குழாயை அதன்மேல் போட்டுப் படம் எடுத்தேன், பார். [படம்]

அக்கா கட்டார்: அடே, இது வட்டத்தைவிட வடிவு! ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் ஏன் வளையுது?

அம்மா: அதில முந்தி மாதுளை நின்றது. பட்டுப்போய் ஆறு வருஷம். கால் இன்னும் விலகித்தான் போகுது.

தம்பி: இதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா.

அம்மா: நீ கேக்கலயே.

நான்: அப்ப அதே இடத்தில் திரும்பவும் மாதுளை வைப்போம். கதிரையில் இருந்து பார்த்தால் கண் முதலில் அதில்தான் போகும். பின்னுக்கு உயரமாகச் செவ்வரத்தை, அதற்கு முன்னால் குரோட்டன். கிணற்றுத் தண்ணி வடிகிற ஈரத்தில் வல்லாரை. ஜன்னலுக்கு நேரே நந்தியாவட்டை, மற்றப் பூவெல்லாம் இருட்டில் மறைந்தாலும் அந்த வெள்ளை தெரியும். மிச்ச மணலை வெறுமையாக விடு. கூட்டி வைத்தால் அதுவே அழகு.

பெரியம்மா ஆரையம்பதி: நடுகிற குழிக்குள்ள தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கு. உள்பக்கம் மேலே பார்க்க வேணும், அப்பதான் ஈரம் நிக்கும். மாரி தொடங்க நடலாம்.

தம்பி: சரி, பிளானை மாற்றுகிறேன். பொச்சுமட்டை எங்கே வாங்குவது?

அம்மா: காசுக்கு வாங்காத. மாமாட வளவில குவிஞ்சு கிடக்கு. போகக்க கறிவேப்பிலையும் ரெண்டு கொத்து கொண்டு போ.