முயல் வாந்தி எடுக்காது. எத்தனை தரம் சொல்வது?

சீனியம்மா (வெள்ளவத்தை):
நேற்று இங்கே ஒருவர் அறிவுரை எழுதியிருந்தார். பெண் முயலுக்குக் கருப்பை எடுப்பதென்றால் முதல் நாள் இரவும் பட்டினி, சத்திரசிகிச்சை முடிந்து மறுநாள் முழுக்கவும் பட்டினியாம். இல்லாவிட்டால் வாந்தி எடுத்து மூச்சடைத்துச் செத்துவிடுமாம். அதற்கு நாற்பது லைக் வேறு. படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

முயல் வாந்தி எடுக்காது. எடுக்கவே முடியாது, அதன் வயிற்றின் அமைப்பு அப்படி. நாய்க்கும் பூனைக்கும் சொல்கிற பட்டினியை முயலின் தலையில் கட்டாதீர்கள்.

என் முயல் சீனிக்கு ஐந்து மாதத்தில் கருப்பை எடுத்தோம். ஓட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூட்டில் மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய துவாய் விரித்தேன். தூள் தையலில் ஒட்டும். மாலையில் ஒரு கொத்தமல்லித் தண்டைக் கடித்தாள், அதோடு சரி. விடிய ஐந்து மணிக்குப் பார்த்தால் துவாயில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கிறாள். அது வலி. குடல் ஓடாமல் நின்றால் வாயு கட்டும், வாயு கட்டினால் வலிக்கும், வலித்தால் இன்னும் சாப்பிடாது. 12 மணித்தியாலம் வாய் வைக்காமல் இருந்தால் காத்திருக்காதே, உடனே கூப்பிடு என்று வைத்தியர் சொல்லித்தான் அனுப்பினார். கூப்பிட்டேன். அவர் சொன்ன நேரத்துக்கு மெலொக்சிகம் என்ற வலி மருந்தைக் கொடுத்தேன். பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சில் கரைத்த தீனி, முன் பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் பக்கவாட்டாக, சொட்டுச் சொட்டாக. நேரே தொண்டைக்குள் அடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். எட்டரைக்கு முதல் புழுக்கை விழுந்தது, மிளகு அளவில். அதைப் பார்த்து அழுதேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

கொட்டாஞ்சேனை மாமா:
அந்த "ஒருவர்" நான்தான் தங்கச்சி. பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், என்ன பயம்? யாழ்ப்பாணத்தில் முப்பது முயல் வளர்த்த வீடு எங்களுடையது. முயல் வாந்தி எடுத்ததை இந்த இரண்டு கண்ணாலும் கண்டவன் நான். பச்சையாக, வாயாலும் மூக்காலும் வந்தது. மூன்றாம் மாடியில் ஒரே ஒரு முயலை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்க வேண்டாம்.

சீனியம்மா:
நீங்கள் கண்டது வாந்தி இல்லை. அவசரமாகத் தின்று தொண்டையில் சிக்கினாலும் வாயாலும் மூக்காலும் வரும். முயல் வாந்தி எடுக்காது.

கொட்டாஞ்சேனை மாமா:
கண்டேன் என்கிறேன். எங்கள் முப்பதில் ஒன்றுக்கும் கருப்பை எடுக்கவில்லை, எல்லாம் சுகமாகத்தான் இருந்தன.

சீனியம்மா:
எத்தனை வயது வரைக்கும் சுகமாக இருந்தன மாமா? கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல்தான் கருப்பைப் புற்றுநோய் பெரும் ஆபத்து. ஒரு வயதில் கறிச்சட்டிக்குப் போனதற்கு எப்படி வரும்?

மருதானை ஷிஃபா:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. நாளை மறுநாள் எங்கள் மொச்சிக்கு ஒப்பரேஷன். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போட வேண்டுமா?

கொட்டாஞ்சேனை மாமா:
போடுங்கள் பிள்ளை. தையலில் கொஞ்சம் மஞ்சளும் பூசுங்கள். முக்கியம், முதல் நாள் இரவு பட்டினி. என் மருமகள் பூனையைக் கொண்டுபோன இடத்தில் தந்த துண்டிலேயே எட்டு மணித்தியாலம் உணவு வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது.

சீனியம்மா:
பூனையைக் கொண்டுபோன இடத்தில்! நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் எதுவும் சேர்க்கவில்லை.

ஷிஃபா, மஞ்சள் பூசவே வேண்டாம், நக்கிவிடும். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியிருந்த 2020 இல் கறிக்கே மஞ்சள் இல்லாமல் திண்டாடினோம், இப்போது மாமா முயலுக்குப் பூசச் சொல்கிறார். கூம்பு போட்டால் முயல் தன் மெதுப் புழுக்கையை வாயால் எடுத்துத் தின்ன முடியாது. அது அதற்குத் தேவையான சத்து. கூம்பு போட்ட கவலையிலேயே சாப்பாட்டை விடுகிற முயலும் உண்டு.

கொட்டாஞ்சேனை மாமா:
தன் பீயைத் தானே தின்னும், ஆனால் வாந்தி மட்டும் எடுக்காதாம். நல்ல விஞ்ஞானம்.

ஸ்காபரோ சிவா:
நாங்கள் கனடாவில் மூன்று வேளையும் டிமோத்தி புல்தான் கொடுக்கிறோம். இலங்கையில் அதெல்லாம் கிடைக்காதே, பாவம்.

தெகிவளை ரமேஷ்:
சிவா அண்ணை வந்துவிட்டார், இனிப் பனியும் வரும். இங்கே கினிப் புல் இருக்கிறது. நான் கால்வாய்க் கரையில் வெட்டுகிறேன். மூன்று வருடமாக என் முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சீனியம்மா:
கால்வாய்க் கரையிலா? எலி ஓடுகிற இடத்தில் வெட்டி, தையல் போட்ட முயலுக்கா?

தெகிவளை ரமேஷ்:
கழுவித்தான் கொடுக்கிறேன் அக்கா. உங்கள் மூன்றாம் மாடியில் புல் முளைக்கிறதா?

பேராதனை வழிப்போக்கன்:
ஒரு சின்ன விளக்கம் வேண்டும். வாந்தி என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? வயிறு இறுகி உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவதையா, வாயில் வடிந்ததையா? அது தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை மாமா:
பேராதனையில் மிருக வைத்தியம் படிப்பிக்கிறார்கள்தான், அந்தப் பெயரை வைத்தால் நீங்களும் மிருக வைத்தியரா தம்பி? பச்சையாக வந்தது என்றேன். வாயால் வந்தது என்றேன். அதற்குத் தமிழில் வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

சீனியம்மா:
வாந்தி என்றால் வாந்தி. முயல் அதை எடுக்காது.

இந்த மாமா யார் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. போன வருடம் காய்ச்சல் பூனைக்குப் பாதிப் பனடோல் கொடுக்கச் சொன்னவர் இவர்தான். பூனைக்குப் பனடோல் நஞ்சு.

கொட்டாஞ்சேனை மாமா:
அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

சீனியம்மா:
அழித்தீர்கள். பிழை என்று சொன்னீர்களா?

மருதானை ஷிஃபா:
அக்கா, அப்போ காலையில் சாப்பாடு கொடுத்துக் கொண்டுபோகவா? கிளினிக்கில் பட்டினியாகக் கொண்டுவரச் சொன்னார்களே.

சீனியம்மா:
முயல் என்று அழுத்திச் சொல்லி இன்னொரு தரம் கேளுங்கள். முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகியவர்கள் பெரும்பாலும் புறப்படும் வரைக்கும் புல் கொடுக்கத்தான் சொல்வார்கள். வழக்கமாகத் தின்கிற புல்லையும் கீரையையும் கூடவே கொண்டுபோங்கள், கண் விழித்ததும் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்து கையில் வாங்காமல் வெளிக்கிட வேண்டாம். முதல் சில மணித்தியாலம் உடம்பு குளிரும், துவாய் சுற்றுங்கள். நன்றாக முழித்த பிறகு எடுத்துவிடுங்கள், கொழும்புப் புழுக்கத்தில் முயலுக்குச் சூடும் ஆகாது. தையலைக் காலையும் மாலையும் பாருங்கள். பத்து நாள் கதிரை, கட்டில் ஏற விடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை மாமா:
சாப்பாடு கொடுத்துக் கொண்டுபோங்கள், வாந்தி எடுத்தால் இந்த அக்காவைக் கூப்பிடுங்கள்.

பேராதனை வழிப்போக்கன்:
தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சும்மாவா சொன்னார்கள்.

சீனியம்மா:
அதை என்னிடம் சொல்லாதீர்கள். என் முயலுக்கு நான்கு கால், படம் போட்டிருக்கிறேன். மாமாவின் வாந்தி முயலுக்கு ஒரு படம் காட்டச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மாமா:
1986 இல் முயலைப் படம் பிடிக்க யார் வீட்டில் கமரா இருந்தது?

ஸ்காபரோ சிவா:
நல்லூரில் எங்கள் வீட்டில் ஒரு யாஷிகா இருந்தது.

கொட்டாஞ்சேனை மாமா:
உங்கள் வீட்டில் எல்லாம் இருந்தது தம்பி. முயல் மட்டும் இல்லை.