வெள்ளி ரூபாய் கறுத்திருக்கிறது: கழுவலாமா, விடலாமா?

கேள்வி
நாலு வெள்ளி ரூபாய் இருக்கிறது. 1862 விக்டோரியா, தேய்ந்தது, பள்ளமெல்லாம் கறுப்பு. 1919 ஐந்தாம் ஜார்ஜ், விளிம்பில் நீலம், உள்ளே வர வர ஊதா, பொன்மஞ்சள், நடுவில் பளபளப்பு. 1920, பிளாஸ்டிக் ஆல்பத்தில் கிடந்தது, கிரீடத்தின் ஓரம் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. 1944 ஆறாம் ஜார்ஜ், திட்டுத்திட்டாகப் பழுப்பு. புளியா, சோடாவும் அலுமினியத் தாளுமா, கடையில் விற்கிற வெள்ளி டிப் (காசை முக்கி எடுக்கும் திரவம்) ஆ, எது நல்லது?

பதில் 1
புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். பூஜைச் சாமானுக்குச் சரி, காசுக்கு ஆகாது. தேய்த்த காசை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றுங்கள், மயிரிழைக் கீறல்கள் கூட்டமாகத் தெரியும். அப்புறம் அது கழுவின காசுதான், விலையும் அந்தக் குறைந்த விலைதான்.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் காசின் வெள்ளியோடு சேர்ந்து உண்டான வெள்ளி சல்ஃபைடு. டிப்பில் போட்டால் சல்ஃபைடாக மாறிய வெள்ளி கரைந்தே போகும். சோடாவும் அலுமினியமும் அதைத் திரும்ப வெள்ளியாக்கும், உண்மைதான். ஆனால் பழைய வழவழப்பு வராது, சுண்ணாம்பு பூசியதுபோல மங்கி நிற்கும், சீக்கிரம் மறுபடி கறுக்கும்.

1862-ஐத் தொடவே தொடாதீர்கள். மேட்டில் சாம்பல், பள்ளத்தில் கறுப்பு என்று இருப்பதால்தான் அரசியின் உடைப் பூவேலை கண்ணுக்குத் தெரிகிறது.

பதில் 2
முதலில் 1920-ஐக் கவனியுங்கள், மற்ற மூன்றும் காத்திருக்கும். அந்தப் பச்சை, பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையின் வேலை. உறையை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிகிறது, பிவிசி சிதைந்து வரும் அமிலம் காசிலுள்ள செம்பைத் தின்கிறது. விட்டால் குழி விழும்.

சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அகற்றி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி மூடி, 10 நிமிடம் விடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்து காசிலேயே ஒட்டும். பச்சை இன்னும் இருந்தால் அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியை அதன்மேல் உருட்டுங்கள், தேய்க்கக் கூடாது. பிறகு இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒருமுறை அலசுவது அவசியம். இல்லாவிட்டால் கரைந்த பிசுக்கு காயும்போது படலமாகத் திரும்பப் படியும். விளிம்பைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்து வையுங்கள், தானாகக் காயும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. அசிட்டோன் வெள்ளி சல்ஃபைடைத் தொடாது, அதனால் இயற்கை நிறம் அப்படியே நிற்கும். ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் அதற்கு மருந்தில்லை.

பதில் 3
1919 நல்ல காசு. அந்த நிறங்கள் சாயமல்ல, மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் காட்டுவது போன்றவை. வெள்ளி சல்ஃபைடு படலம் மெல்லியதாக இருந்தால் மஞ்சள், தடித்தால் ஊதா, இன்னும் தடித்தால் நீலம். நீங்கள் சொல்லும் வரிசை விளிம்பிலிருந்து ஒழுங்காக மெலிகிறது. கந்தகக் கரைசலில் முக்கி எடுத்த போலி நிறம் பெரும்பாலும் வரிசை தவறித் தாவும், மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே மாதிரி படர்ந்திருக்கும்.

டிப்பை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. புழங்காத காசில் அசிங்கமான கறை என்றால் சில நொடி முக்கி, உடனே காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசலாம். ஆனால் 1944-க்கு அதுவும் வேண்டாம். 1939 வரை வெள்ளி 91.7 சதவீதம், 1940 முதல் 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். டிப் செய்தால் செம்பு வெளியே தெரிந்து இன்னும் திட்டாகும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. 1920-க்கு அசிட்டோன், மற்றதைத் தொடவில்லை. இனி எந்த உறையில் வைப்பது?

பதில் 2
மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறை. விறைப்பாக இருக்கும், மடக்கினால் சரசரக்கும். மென்மையாக இருந்து, புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் பிவிசி. சந்தேகமானால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி பழைய ஆல்பத்தின் ஒரு நுனியில் தொட்டு, திரும்ப நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசியாக இருக்கலாம். வெளியில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை ஆகாது.

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றும் கந்தகம் கக்கும், அந்தப் பெட்டியில் இருக்கவே கூடாது.