சால்மன் கூண்டுகளைப் பார்க்க பெர்கனிலிருந்து ஒரு நாள்: எந்தப் பக்கம் போகலாம்?

கோவைக்காரி:
மே கடைசியில் நார்வேயின் பெர்கனில் இருப்போம். நான், அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகன். ஒரு நாள் வாடகைக் காரில் ஹர்டாங்கர் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் கை) போக ஆசை. மகனுக்குக் கடலில் மிதக்கும், சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளைப் பார்த்தே ஆகவேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் உள்கோடியில் இருக்கும் எய்ட்ஃபியோர்டு ஊர் வரை போகச் சொல்கிறார்கள். அம்மாவால் நெடுநேரம் காரில் உட்கார முடியாது. என்ன செய்யலாம்?

மீன்பண்ணையாள்:
வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இங்கே சால்மன் பண்ணையில் வேலை. எய்ட்ஃபியோர்டு இந்த முறை வேண்டாம். அங்கே வோரிங்ஃபொசன் அருவி 182 மீட்டர், பிரமாதமான இடம்தான். ஆனால் ஃபியோர்டின் நீளம் 179 கிலோமீட்டர், கூண்டுகள் நடுப்பகுதியிலும் கடல்வாய்ப் பக்கமும்தான் அதிகம். உள்ளே போகப் போக ஆப்பிள் தோட்டங்கள்தான்.

குவாம்ஸ்கூகன் மலை வழியாக வாங்கோ. அதைத் தாண்டியதும் ரோடு ஒரு குறுகிய கணவாயில் சுரங்கம் சுரங்கமாக இறங்கி ஸ்டைன்ஸ்டால் பள்ளத்தாக்குக்கு வரும். அங்கே வேறொரு அருவி இருக்கு, அதற்குப் பின்னால் நடந்து போகலாம். அம்மாவுக்கு ஏற முடியாவிட்டால் கார் நிறுத்துமிடத்திலிருந்தே நன்றாகத் தெரியும். பக்கத்தில் நூர்ஹைம்சுண்டில் சாப்பிட்டுவிட்டு, ஸ்ட்ரான்டபார்ம் பக்கம் கரையோரமாகவே போங்கோ. தண்ணீரில் பெரிய கறுப்பு வளையங்கள் தெரிந்தால் அதுதான் கூண்டு. மேலே விரித்திருக்கும் வலை பறவைகளுக்காக. பக்கத்தில் வீடு மாதிரி மிதப்பது தீவனப் படகு, அங்கிருந்து குழாய் வழியாகக் காற்றழுத்தத்தில் தீவனம் போகும். நாங்கள் கேமராவில் மீன் தின்பதைப் பார்த்துத்தான் கூட்டுவோம், குறைப்போம். ஒரு கூண்டில் 2 லட்சம் மீன் வரை விடலாம், அதற்கு மேல் சட்டம் விடாது.

மகனுக்கு இதையும் சொல்லுங்கோ. வசந்தத்தில் ஆற்றுச் சால்மன் குஞ்சுகள் இந்த ஃபியோர்டு வழியாகத்தான் கடலுக்குப் போகும். கூண்டு மீனிலிருந்து கடல் பேன் என்ற ஒட்டுண்ணி ஒட்டினால் அந்தச் சின்னக் குஞ்சு தாங்காது. அதனால் வழக்கமாக மீனுக்குச் சராசரி 0.5 பெண் பேன் என்றிருக்கும் வரம்பு அந்தச் சில வாரங்களுக்கு 0.2 ஆகிவிடும். மீனைப் பிடித்துப் பேன் எண்ணுவது எங்கள் வேலை. அலுப்பான வேலைதான், ஆனால் ஆற்று மீன் பிழைக்க வேண்டுமென்றால் அதில் கவனம் தவறக் கூடாது.

வழிப்போக்கன்:
ரூசன்டாலுக்கு அருகே ஃபியோர்டில் மிதக்கும் ‘சால்மன் ஐ’ என்ற காட்சிக்கூடம் 2022-இல் திறந்தார்கள். மீன் வளர்ப்பு பற்றித்தான் முழுக்க. படகில்தான் போகமுடியும், அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா. தூண்டில் கொண்டு வரலாமா? சின்னப் படகு எடுத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் போகலாமா?

மீன்பண்ணையாள்:
கொண்டு வாங்கோ. கடலில் தூண்டில் போட உரிமம் தேவையில்லை. ஆனால் பண்ணையிலிருந்து 100 மீட்டருக்குள் மீன் பிடிக்கக் கூடாது, 20 மீட்டருக்குள் படகே வரக்கூடாது. படகைவிட, ஸ்ட்ரான்டபார்ம் போகும் வழியில் டோர்விக்பிக்ட்டிலிருந்து எதிர்க்கரை யூன்டாலுக்குப் போகும் ஃபெரியில் ஏறுங்கோ. இருபது நிமிடம்தான், அம்மாவும் உள்ளே வசதியாக உட்காரலாம். மகனிடம் ஒரு பைனாகுலர் கொடுத்துவிடுங்கோ.